சந்தை நாளில் திறந்திருந்த கதவு

1. அன்று சந்தை நாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய வேலியின் கதவு திறந்திருந்தது.
2. அண்ணன் மகள், மூன்று வயதுக்காரி, ஒரு கன்றுக்குட்டியின் பின்னால் உள்ளே போனாள்.
3. அண்ணி எட்டிப் பார்த்தபோது நீரில் பாவாடை மட்டும் தெரிந்தது.
4. நீந்தத் தெரியாத அண்ணி, தென்னையில் தொங்கிய லாரி டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு குதித்தாள்.
5. அண்ணன் கயிறு போட்டு இருவரையும் கரையேற்றினார். பிள்ளைக்கு மூச்சில்லை.

எண் போட்டு எழுதினால்தான் இதை என்னால் எழுத முடிகிறது.

எங்கள் தோட்டம் வேலந்தாவளம் சாலையோரத்தில் இருக்கிறது. மோட்டார் இறைக்கும் தண்ணீர் தேங்கும் தொட்டி, ஆள் மட்டத்துக்கு மேல் ஆழம். சுவரோ முழங்கால் உயரம்தான். நர்சிங் படித்துவிட்டு வந்த நான் அண்ணனை நச்சரித்து வேலி போடவைத்தேன். டியூபில் காற்றடித்து மாட்டினேன். மூச்சு நின்றவருக்கு வாய்வழியே ஊதுவது எப்படி என்று அண்ணியையே படுக்கவைத்துக் காட்டினேன். "ஏனம்மிணி, எம்மூக்கப் புடிச்சு நீ ஊதறதப் பாத்தா உங்கண்ணனுக்குப் பொறாமை வந்துருமாட்ட இருக்குது" என்று புரண்டு சிரித்தாள்.

எல்லாம் தயார் என்றுதான் இருந்தோம். ஆனால் சந்தைக்குப் போகும் மாடுகள் வேலிக்குள் தொட்டியை ஒட்டியிருந்த கல்தாழியில் தண்ணீர் குடிப்பது வழக்கம். "வழில போற மாட்டுக்குத் தண்ணியப் பூட்டிவெச்சா ஊரு காறித் துப்பும்" என்பார் அப்பா. அதனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் கதவு திறந்தே கிடக்கும். அதை ஒருவரும் ஓட்டையாக நினைக்கவில்லை.

பிள்ளையின் உதடு நீலமாகியிருந்தது. அப்பா அவள் கால்களைப் பிடித்தார். "தலகீழாப் புடிச்சுச் சுத்துனாத் தண்ணி வெளிய வந்துரும், உடு!" மாட்டு வியாபாரிகளும் அதையே கத்தினார்கள். மாமனாரை நிமிர்ந்து பார்த்தறியாத அண்ணி, ஈரச்சேலையோடு அவர் கையைத் தட்டிவிட்டாள். "சுத்துனீங்கன்னா எம்புள்ள போயிருமுங்க மாமா. அம்மிணி ஊதட்டும்."

தலையைச் சற்று நிமிர்த்தி, அந்தச் சின்ன வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி மெல்ல ஊதினேன். நெஞ்சு எழுந்தது, அடங்கியது. கழுத்தில் நாடி இருந்தது. மறுபடி ஊதினேன். அண்ணியை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் ஊதியிருக்க முடியாது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிள்ளை இருமி, தண்ணீராக வாந்தி எடுத்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். அழுகை வந்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. உள்ளே போன தண்ணீர் பிறகும் மூச்சை அடைக்கலாம் என்று சொல்லி, ஒரு வியாபாரியின் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இப்போது கல்தாழி வேலிக்கு வெளியே இருக்கிறது. கதவில் பூட்டு, சாவி அண்ணியின் இடுப்பில். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள்.

போன வாரம் விடுப்பில் வந்தபோது, தென்னையில் தொங்கிய டியூபை அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போயிற்று. வெயிலில் வெடித்து, காற்றெல்லாம் இறங்கிப்போயிருந்தது. அதை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. புதிது வரும்வரை தொட்டிக்குள் இறங்கவே கூடாது, கயிற்றைப் போட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள் என்று அண்ணியிடம் சொன்னேன்.

"டியூப் இல்லீன்னா குதிக்காம நின்னுக்குவனா அம்மிணி?" என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.

அவளுடைய இளையவன் இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறான். கதவு பூட்டியிருக்கிறது. புது டியூப் இன்னும் வரவில்லை.