ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்த்தோம்

என் கணவர் சினிமாவுக்குப் போவதை நிறுத்திய வருடத்தில்தான் வீடு பார்க்கத் தொடங்கினார். வாங்குவதற்கு அல்ல, அதற்கு எங்களிடம் வழியில்லை. நாங்கள் குடிபெயர்ந்து வந்த நகரத்தின் தெற்கே, மனுகாவ் பக்கம் ஒரு கிடங்கில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தேன். என் அண்ணன் தன் வீட்டு கராஜை அறையாக்கித் தந்திருந்தார். ஏழு வயது மகளோடு நாங்கள் அதில்தான் இருந்தோம். சம்பளம் வந்த கையோடு ஒரு பங்கு சேமிப்புக்குப் போய்விடும்.

"படம் பாக்கக் காசு வேணும். வீடு பாக்கிறது சும்மாதானே," என்றார் அவர்.

ஞாயிறு சேர்ச் முடிந்ததும் பக்கத்துத் தகனினியில், விற்கும் வீட்டை யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்கிற ‘ஓப்பன் ஹோம்’ பலகை கண்ட இடமெல்லாம் கார் நிற்கும். சேர்ச்சுக்குப் போட்ட கோட்டோடு இறங்குவதால் பெரிய வசதிக்காரர் போலத்தான் இருப்பார். சுவர்களைத் தட்டுவார். அலுமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார். "உதுக்குள்ள ஈரம் நிக்கும்," என்று என் காதில் ரகசியம் சொல்வார். அந்த ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

ஒருநாள் அது தமிழ்நாட்டு இளந்தம்பதி ஒன்றின் காதில் விழுந்தது. "அண்ணே, நீங்க பில்டரா?" என்று அந்தப் பையன் கேட்டான்.

"கனக்க வீடு பாத்திருக்கிறன்," என்றார் என் கணவர். அது பொய்யில்லை.

அவர்கள் அறை அறையாக அவர் பின்னாலேயே நடந்தார்கள். கடைசியில் இதை வாங்கலாமா என்று கேட்டார்கள். "அவசரப்படாதேங்கோ," என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினார்.

"எங்கட காசுக்கு அந்த வீட்டின்ர வாசல் படலையும் வாங்கேலாது," என்றேன்.

"அந்த வீட்டுக்குப் படலை இல்லையப்பா. நீர் வடிவாப் பாக்கேல்லை."

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு புது வீட்டில், காட்சிக்காக விரித்திருந்த சிறிய கட்டிலில் மகள் ஏறிப் படுத்துவிட்டாள். வீட்டு ஏஜெண்ட் பெண் குனிந்து, நீ இங்கேதான் இருக்கப்போகிறாயா என்று அன்பாகக் கேட்டாள். "இல்லை, நாங்கள் சும்மா பார்க்க மட்டும்தான் வாறது," என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. என் கணவர்தான் கட்டில் விரிப்பை நீவிச் சரிசெய்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்த ஞாயிறு கார் எந்தப் பலகைக்கும் நிற்கவில்லை. அந்தக் கிழமையே அவர் ஆல்பனியில் சனிக்கிழமைகளில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலையைப் பிடித்தார். நகரத்தின் மற்ற அந்தம். பிறகு நானும் சேர்ந்துகொண்டேன். அவர் வேக்குவம் கிளீனர் பிடிக்கிற அழகைப் பார்த்து, இவ்வளவு காலம் வீட்டில் ஏன் ஒளித்து வைத்திருந்தார் என்று கேட்டேன்.

சில வருடங்கள் அப்படி ஓடின. கடைசியில் வங்கி கடனுக்கு ஓம் என்று சொன்னது, ஒட்டுவீட்டு வரிசையில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு பழைய யூனிட்டுக்கு. பார்க்கப் போனபோது அவர் கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

"ஏனப்பா, சுவரைத் தட்டேல்லை?" என்றேன்.

"தட்டி விழுந்தா?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது முழுக்கச் சிரிப்பினால் வந்ததென்று சொல்லமாட்டேன்.

குடிவந்த பிறகுதான் உறைத்தது, வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டர்வே. காலையிலிருந்து வாகன இரைச்சல். முதல் ஞாயிறு சாப்பிட வந்த அண்ணன் சோற்றில் கை வைத்தபடியே காதைக் கொடுத்துக் கேட்டார். "இது என்ன சத்தம்?"

"கடல் மாதிரி இல்லையோ," என்றார் என் கணவர். "கடல் பாத்த வீடெண்டா இந்த ஊரில என்ன விலை, தெரியும்தானே."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அண்ணனின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.