எடை மேடையும் மூன்று கம்பைலர்களும்

கயத்தாறு ரோட்டில் எங்கள் மதினி ஒரு எடை மேடை நடத்திவந்தார். மதினி என்றால் பெரியப்பா மகனுடைய மனைவி. அண்ணன் லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போனால் திரும்ப நாளாகும். அதனால் மேடை, தகரக் கொட்டகை, டிராக்டர்காரர்களின் வாய் ஆகிய மூன்றையும் மதினி ஒருவரே சமாளித்தார். வண்டி சரக்கோடு ஏறும்போது ஓர் எடை, இறக்கிவிட்டு வெறுமனே வரும்போது ஓர் எடை. இரண்டையும் கழித்துக் கையால் சீட்டு எழுத வேண்டும். உளுந்து அறுப்புச் சமயத்தில் வண்டிகள் ரோடு வரைக்கும் நிற்கும். கழித்தலில் ஓர் எண் பிசகினால் பஞ்சாயத்து சாயங்காலம் வரை ஓடும்.

ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் உள்ளே போன தைரியத்தில், "மதினி, இதையெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கிடும். நான் செஞ்சு தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நீரா? எங்க வீட்டு மிக்சியச் சரிபண்ணுதேன்னு கழத்திப் போட்டீரே, அது இன்னும் கழண்டுதான் கெடக்கு, கொழுந்தனாரே."

பந்தி மொத்தமும் சிரித்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் சிரிப்பில் பக்கத்து இலைக்காரரின் மோருக்குள் ஊற்றிவிட்டார். அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்: செய்தே தீருவது.

இரண்டாயிரத்தைத் தாண்டிய புதிது அது. கோவில்பட்டியில் நான் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரை அப்போதுதான் மூடியிருந்தார்கள். நான் நடத்திய பாடத்துக்கும் அது மூடப்பட்டதற்கும் சம்பந்தமில்லை என்று இன்று வரை நம்பிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் இருந்த கூட்டாளி தன் ஆபீசில் எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போதெல்லாம் அதே பாட்டுத்தான்.

"ஏலே, அங்கன உக்காந்து என்னலே செய்யுத? பொங்கல் கழிஞ்சா இந்த எடமும் போயிரும், பாத்துக்கோ."

எனக்கு ஊரை விட்டுப் போக மனம் இல்லை. மேடையில் புரோகிராம் ஓடிவிட்டால் அதைக் காட்டியே மற்ற மேடைகள், மண்டிகள் என்று ஏறி இறங்கி இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால் பஸ் ஏற வேண்டியதுதான். மதினியும் கெடு வைத்துவிட்டார். மதுரையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து தன் எடை மேடைப் புரோகிராமுக்கு வழவழத் தாளில் அச்சடித்த விளம்பரம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"தையில மொத உளுந்து வண்டி ஏறுறதுக்குள்ள ஓடணும். ஓடலன்னா மதுரைக்காரவுகளுக்குச் சொல்லிருவேன். அப்புறம் மதினி மதிக்கலன்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியக் கூடாது."

வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எடையைப் பெரிதாகக் காட்டும் ஒரு ஜன்னல், வண்டி எண்ணைத் தட்ட ஒரு பெட்டி, 'சீட்டு' என்று ஒரு பொத்தான். இந்த ஜன்னல், பொத்தான்களை வரைந்து தருகிற நூலகம் ஒன்று, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த இலவச சி.டி.யில் கிடைத்தது. நூலகம் என்றால் புத்தகம் அடுக்கிய இடம் அல்ல. யாரோ புண்ணியவான்கள் முன்கூட்டியே எழுதிவைத்த நிரல்களின் மூட்டை. அந்த மூட்டையையும் நாம் எழுதியதையும் சேர்த்து, மெஷினுக்கு விளங்கும் ஒரே பண்டமாகக் கட்டித் தருவதுதான் கம்பைலர். எந்தக் கம்பைலரில் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று சி.டி.யில் தாராளமாகப் போட்டிருந்தது. அந்தத் தாராளம்தான் என்னைக் கெடுத்தது.

என் கையில் மூன்று இருந்தன. முதலாவது, சென்டரில் நான் பாடம் நடத்திய நீலத்திரைக் கம்பைலர். அதனோடு எனக்கு அத்தனை வருடப் பழக்கம். ஆனால் நூலகத்தின் முதல் பக்கத்தைக் காட்டியதுமே, இதெல்லாம் நான் பிறந்த காலத்தில் கிடையாது என்பதுபோலப் பிழை பிழையாகக் கொட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. இரண்டாவது, ஒரு பெரிய கம்பெனிக் கம்பைலரின் மாதிரிப் பதிப்பு. ஓட்டம் என்றால் ஓட்டம். அதற்காகக் கட்டிய நூலகம் சி.டி.யிலேயே தயாராக இருந்தது. ஒரே குறை, அதில் செய்த புரோகிராமை எப்போது திறந்தாலும் முதலில் ஒரு பெட்டி எழும்பி, "இது பழகுவதற்கு மட்டும், பிறருக்குக் கொடுக்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் அறிவிக்கும். டிராக்டர்காரர்கள் முன்னால் மதினி அதை எழுத்துக் கூட்டி வாசித்தால் மிக்சிக் கதையும் கூடவே வெளியே வரும். மூன்றாவது இலவசக் கம்பைலர். லினக்ஸ்காரர்கள் பெற்று வளர்த்த பிள்ளை, விண்டோசுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது. கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். வேகம், உழவு மாட்டு வேகம். அது செய்து தரும் புரோகிராமோ தண்ணீரில் ஊறிய பருத்தி மூட்டை மாதிரி கனக்கும். ஆனால் யாரையும் கேட்காமல் யாருக்கும் கொடுக்கலாம்.

எங்கள் கரிசலில் ஒற்றை வெள்ளாமையை நம்பி எவரும் விதைப்பதில்லை. பருத்திக்கு ஊடே உளுந்து போடுவார்கள், வரப்போரம் ஆமணக்கு போடுவார்கள். மழை ஒன்றைக் கைவிட்டாலும் இன்னொன்று காப்பாற்றும். அந்த ரத்தம்தானே எனக்கும். நான் ஊடுபயிர் போட்டேன். நூலகத்தைப் பெரிய கம்பெனிக் கம்பைலர் கட்டியபடியே வைத்துக்கொள்வது, என் புரோகிராமை மட்டும் இலவசத்தில் கட்டுவது, கடைசியில் இரண்டையும் ஒட்டிவிடுவது. அறிவிப்புப் பெட்டியும் வராது, நூலகத்தைக் கட்டும் நேரமும் மிச்சம். இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு எவனுக்கும் வரவில்லையே என்று எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

ஏன் வரவில்லை என்று ஒட்டும்போது தெரிந்தது. திரை நிறைய, நிற்காமல், "இப்படி ஒரு பெயரைக் காணோம், அப்படி ஒரு பெயரைக் காணோம்" என்று வரிகள் ஓடின. ஐப்பசி முழுக்க நான் அந்த வரிகளோடு மல்லுக்கட்டினேன். பெயர்கள் மூட்டைக்குள் இருந்தன, என் கண்ணால் பார்த்தேன். கடைசியில் சி.டி.யோடு வந்த குறிப்பை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காக வாசித்தபோது விஷயம் விளங்கியது. ஒவ்வொரு கம்பைலரும் உள்ளுக்குள் பெயர்களைத் தன் பாணியில் மாற்றி எழுதிக்கொள்ளும். ஒன்று எழுதியது மற்றதுக்குத் தெரியாது. நூலகத்தைக் கட்டிய கம்பைலரே நம் புரோகிராமையும் கட்ட வேண்டும். அதைக் குறிப்பின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். தொடக்கத்தை வாசிக்கிற பழக்கம் எனக்கு இருந்தால் மிக்சியும் ஓடியிருக்கும்.

கார்த்திகை பிறந்துவிட்டது. மதினி ஆள் விட்டுக் கேட்டார், கூட்டாளி போனில் கேட்டான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடாவிட்டால் எதுவும் தேறாது என்று தெரிந்தது. மாதிரிப் பதிப்பை என் வீட்டு மெஷினிலிருந்து அழித்தேன். நீலத்திரையையும் அழித்தேன். திரும்பிப் போக வழி வைத்தால் போய்விடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும். இலவசக் கம்பைலர், அவ்வளவுதான்.

நூலகத்தை முதலிலிருந்து கட்டத் தொடங்கினேன். கறுப்புத் திரையில் கோப்பு கோப்பாக ஊர்ந்தது. பாதியில் கரண்ட் போகும், வந்ததும் அதே கட்டளையைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்ட் போன நொடியில் அரைகுறையாக நின்ற கோப்பை மட்டும் தேடி அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை முழுசு என்று நம்பிக் கடைசியில் கழுத்தறுக்கும். அழித்தேன், தட்டினேன், மறுபடி அழித்தேன், மறுபடி தட்டினேன். மார்கழி நடுவில் ஒரு மத்தியானம், ஒட்டும் வேலை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்தது. பிழை வராததைப் பார்த்துத்தான் பயந்தேன்.

புரோகிராம் ஃப்ளாப்பியில் அடங்கவில்லை. தேவையில்லாத தகவலை எல்லாம் சீவி எறிந்தும் அடங்கவில்லை. தையில் உளுந்து வண்டிகள் வரத் தொடங்கிய அன்று, ஹார்ட் டிஸ்கையே கழற்றித் துண்டில் சுற்றிச் சைக்கிளில் கிளம்பினேன். முந்தின நாள் பருவம் தப்பி ஒரு மழை. மட்கார்டில் கரிசல் அப்பிச் சக்கரம் சுற்ற மறுத்தது. தார் ரோடு வரும்வரை ஒரு கையில் துண்டு, ஒரு கையில் சைக்கிள்.

"என்ன கொழுந்தனாரே, துண்டுல கோழிக்குஞ்சா?"

"உங்க புரோகிராம், மதினி."

"உசுரோட இருக்கா?"

யார் புரோகிராம் ஆனாலும் வேண்டும் என்று மதினி பிரிண்டரோடு வாங்கி வைத்திருந்த மெஷினில் டிஸ்கை மாட்டினேன். மேடையோடு இணைந்த எடை காட்டியின் ஒயரை அதில் செருகினேன். எப்போதும்வென்றான் என்கிற ஊரிலிருந்து வந்த அண்ணாச்சி ஒருவர் உளுந்து மூட்டைகளோடு டிராக்டரை மேடையில் ஏற்றினார். ஜன்னலில் எண்கள் ஓடி, ஆடி, நின்றன. காட்டியில் இருந்ததேதான். பொத்தானை அழுத்தினேன். பிரிண்டர் கரகரத்துச் சீட்டைத் துப்பியது. மதினி கிழித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"சீட்டு நம்பரு சைபரா? வருசத்து மொத சீட்டு சைபர்னா வெளங்குமா?"

புரோகிராம் எழுதுகிறவன் எதையும் சைபரிலிருந்துதான் எண்ணுவான். அதை விளக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி டிராக்டரிலிருந்து குனிந்து, "எங்க ஊரு பேரு என்னன்னு தெரியுமாவே? எனக்குப் போய் சைபரத் தாரீரே" என்றார்.

"ஒண்ணுன்னு மாத்திருதேன் மதினி."

"ஒண்ணுமில்ல, ரெண்டுமில்ல. தவசம் தானியம் அளக்கையில யாரு ஒண்ணுன்னு சொல்லுதா? லாபம்னுலா சொல்லணும். லாபம், ரெண்டு, மூணுன்னு போடும். இல்லன்னா மதுரைக்காரவுகளக் கூப்புடுதேன்."

மதுரைக்காரர் என்றால் ஆள் வந்து, குறித்துக்கொண்டு போய், அடுத்த வாரம் வருவார். என் கம்பைலர் அந்த டிஸ்கிலேயே, அந்தக் கொட்டகையிலேயே இருந்தது. உட்கார்ந்து வரியை மாற்றினேன். ஆங்கில எழுத்தில் லாபம் என்று போட்டுக் கட்டளையைத் தட்டினேன். உழவு மாடு நடக்கத் தொடங்கியது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அண்ணாச்சி இறங்கி டீ குடித்துவிட்டு வந்து, "என்னவே, பொட்டி ஒறங்குதா?" என்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிழை இல்லாமல் முடிந்தது. பொத்தானை அழுத்தினேன்.

லாபம் என்று வந்தது. வெறும் வண்டி திரும்பியதும் கழித்தலும் வந்தது. மதினி பேனாவை எடுத்துத் தானும் ஒருமுறை கழித்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போனதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"சரி, மதுரைக்காரவுகளுக்கு வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார். "ஆனா கொழுந்தனாரே, திரையில எழுத்து சின்னதா இருக்கு. அந்தா நிக்கிற வண்டிக்காரருக்கும் தெரியணும். இப்பமே பெருசாக்கும்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.