முப்பத்துநாலு இஞ்சு மாஸ்டர்

என் அக்கா புருஷன் தையல்காரர். கடையின் பின்பாதி அவருக்கு. பட்டனும் ஜிப்பும் விற்கும் முன்பாதி எனக்கு. ஊரில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள், நான் மாமா என்பேன். அளவு விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுத்து மீள முடியாது. ஆள் உள்ளே நுழையும்போதே, "முப்பத்தாறு, இடது தோள் கொஞ்சம் இறக்கம்" என்று சொல்லிவிடுவார். டேப்பை வைத்துப் பார்த்தால் அரை இஞ்சுகூடப் பிசகாது.

அவருடைய சொந்த அளவு முப்பத்துநாலு. கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டும் முப்பத்துநாலு, போன மாதம் தைத்ததும் அதேதான். இதைச் சொல்லிச் சொல்லியே இருபத்தைந்து வருஷமாக என்னை வறுத்தெடுத்திருக்கிறார். நான் உருண்டை, கன்னம், கை, தொடை எங்கும் சதை. அவருக்குக் கை கால் குச்சி. நடுவில் மட்டும், சட்டைக்குள் பானையை ஒளித்துவைத்த மாதிரி ஒரு வயிறு. "தட்டிப் பாரு மாப்ள, கல்லு மாதிரி இருக்கா? இது பலம். உன்னுது தொளதொள" என்பார். நானும் தட்டிப் பார்த்து நொந்துபோவேன்.

அவருக்கு ஐம்பத்தொன்று முடிந்தது. அவருடைய அப்பா ஐம்பத்திரண்டு வயதில், சாப்பிட்டு எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே போய்விட்டார். அந்த வயது நெருங்க நெருங்க அக்காவுக்கு நிம்மதி இல்லை. நச்சரித்து நச்சரித்து மாமாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். துணைக்கு நான்.

நர்ஸ் சட்டையைத் தூக்கச் சொல்லி, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், கிட்டத்தட்டத் தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றினாள். "மூச்சை விடுங்க சார். நாப்பத்தொண்ணு."

மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டேப் போட்ட இடமே தப்பும்மா. இடுப்பு கீழ இருக்கு, பெல்ட் போடற இடத்துல. முப்பது வருஷமா அளவு எடுக்கறேன், எனக்கே சொல்லித்தர்றியா?"

"நீங்க பேன்ட்டுக்கு எடுக்கறீங்க சார். நான் வயித்துக்கு எடுக்கறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயிறு வளர வளர, மனுஷன் பேன்ட்டை அதற்குக் கீழே கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். என்னையல்லவா இத்தனை வருஷம் கேலி செய்தார்!

ரத்தச் சோதனையையும் ஸ்கேனையும் பார்த்துவிட்டு, "வயித்தைக் கிள்ளுங்க" என்றார் டாக்டரம்மா. மாமா கிள்ளினார். விரலுக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை.

"கிள்ளினா கையில வர்றது தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு. அது அவ்வளவா தொல்லை பண்ணாது. உங்களுக்கு அதுக்கும் உள்ள, குடலைச் சுத்திச் சேந்திருக்கு. கல்லீரல்லயும் படிஞ்சிருக்கு. அதான் வயிறு கெட்டியா இருக்கு. அது சும்மா கிடக்காது, சர்க்கரையை ஏத்தும், ரத்த அழுத்தத்தை ஏத்தும், கடைசில இதயத்துல கைவைக்கும். சர்க்கரை இப்பவே எல்லைல நிக்குது."

வயிற்றில் கட்டினால் அதிரும் பெல்ட் ஒன்றை நான் ஆசையாக வாங்கி வைத்திருந்தேன். அதைப் பற்றிக் கேட்டேன். "பெல்ட்டுதான் அதிரும். வயித்தை மட்டும் தனியாக் கரைக்க வழி கிடையாது. தினம் நடக்கணும், சர்க்கரையைக் குறைக்கணும், நேரத்தோட சாப்பிட்டுத் தூங்கணும். உடம்பு குறையக் குறைய உள்ள இருக்கறதும் குறையும். நாலு மாசம் கழிச்சு வாங்க" என்றவர், என்னை ஒரு பார்வை பார்த்து, "நீங்களும் அளவு குடுத்துட்டுப் போங்க" என்றார்.

வரும் வழியில் மாமா, "எல்லாம் நல்லா இருக்குன்னு உங்கக்காகிட்ட சொல்லிடு" என்றார். நானும் மண்டையை ஆட்டித் தொலைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவருடைய சட்டைக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்தவள், உட்புறத்தைத் திருப்பியிருக்கிறாள். பக்கவாட்டுத் தையல் ஓரமாக, பழைய ஊசித் துளைகள் மூன்று வரிசை. கடையில் யாருக்கும் தெரியாமல் பிரித்துப் பிரித்துச் சட்டையை அகலமாக்கியிருக்கிறார். பீரோவில் இருந்த மற்ற சட்டைகளும் அப்படியே. அக்கா எல்லாவற்றையும் மாமா முன்னால் கொண்டுவந்து போட, நானும் ஆஸ்பத்திரியில் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

"என்னங்க, உங்களுக்குத் தெரிஞ்சேதான் இருந்திருக்கு."

மாமா ஒரு சட்டையை எடுத்து அந்தத் துளைகளைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்பா வயசு வருதேன்னு பயம். உன்கிட்ட சொன்னா நீயும் பயப்படுவ" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் போய், பாவமாகிவிட்டது.

மறுநாளிலிருந்து கடைக்குப் போக வர நடை. மாலையில் அக்காவும் சேர்ந்துகொண்டாள். சர்க்கரை போட்டு ஐந்து டீ குடித்தவர் வெறும் டீ இரண்டோடு நிறுத்தினார். அரை மணிக்கு ஒருமுறை மிஷினை விட்டு எழுந்து, நின்றுகொண்டே துணி வெட்டினார். முதல் மாதம் அவருக்கு எதற்கெடுத்தாலும் கோபம். காலர் சரியில்லை என்று வந்தவரிடம், "உங்க கழுத்துதான் சரியில்ல" என்றார். அவரோடு ஒரே கடையில் குப்பை கொட்டிய எனக்குத்தான் மெடல் கொடுக்க வேண்டும்.

நாலு மாதம் கழித்து அதே நர்ஸ், அதே இடத்தில் டேப். முப்பத்தெட்டு. சர்க்கரை எல்லையிலிருந்து நன்றாகவே இறங்கியிருந்தது. "முப்பத்தஞ்சரைக்குக் கீழ வரணும், ஆனா சரியான வழிலதான் போறீங்க" என்றார் டாக்டரம்மா. கேட்டதும் அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அன்று சாயங்காலமே மாமா தன் சட்டைகளைக் கடைக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தார். பிறகு தையலுக்கு உள்ளே மிஞ்சி நின்ற துணியில் கத்தரிக்கோலை வைத்தார்.

கூட வந்திருந்த அக்கா பதறினாள். "ஐயோ, அதை வெட்டிட்டா அப்புறம் பிரிச்சு விடத் துணி இருக்காதுங்க!"

"இருக்க வேண்டாம்" என்றார் மாமா, வெட்டிக்கொண்டே. "இனிமே வயிறு போட்டா சட்டை கிழியும். உனக்குத் தெரிஞ்சிடும்."