ஆறு பெரிதா, இரண்டு பெரிதா?

வெயிலில் காய்ந்த பழைய பஞ்சு மெத்தையில் கிருமிநாசினியைக் கொட்டி, அதன்மேல் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வியர்க்க வியர்க்கப் புரண்டால் என்ன வாசம் வருமோ, அதுதான் எங்கள் தோட்டத்து 'டேவான்' மண்டபத்தின் வாசம். எண்ணெய் ஆலையில் செம்பனைப் பழம் வேகும் வாடையும் சன்னல் வழியாக வந்து அதோடு கலந்துகொள்ளும். இன்றைக்கும் ரவாங்கில் என் அலுவலகத்துத் தரையைத் துடைத்துவிட்டுப் போகும்போது அந்த வாசம் லேசாக எழும். உடனே எனக்குப் புவனாவின் ஞாபகம் வரும், கூடவே வயிற்றெரிச்சலும் வரும். பதினான்கு வயதில் பிடித்த எரிச்சல் அது, இத்தனை வருடத்தில் கொஞ்சமும் ஆறவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

புவனா என் அத்தை மகள். கம்போங் குவாந்தான் போகும் சாலையில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த செம்பனைத் தோட்டத்து லயத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. என் அப்பா குலை வெட்டுகிறவர், அவளுடைய அப்பா லோரி ஓட்டுகிறவர். லோரி ஓட்டுகிறவர் நாலு ஊருக்குப் போவார், போகிற இடத்தில் மகளுக்கு ஏதாவது வாங்கி வருவார். முதலில் வாசனை ரப்பர், பிறகு மணி வைத்த சைக்கிள், பிறகு எனக்குத் தூக்கமே வராமல் செய்த அந்த நீலச் சப்பாத்து. இடைநிலைப்பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை, நாங்கள் 'சிக்கு' என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மா, எங்கள் தோட்டத்து டேவானில் மெத்தைகளைப் போட்டு 'குஸ்தி' சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில், கணுக்கால் வரை கயிறு கட்டும் நிஜமான குஸ்திச் சப்பாத்து போட்டு வந்தவள் புவனா ஒருத்திதான். நான் வெறுங்காலில் நின்றேன்.

எங்கள் இருவருக்கும் எடை ஒன்று. அம்மாமார்கள் போட்ட நிபந்தனையும் ஒன்று, உடம்போடு ஒட்டின குஸ்தி உடைக்குள்ளே கைநீளச் சட்டையும் நீளக் காற்சட்டையும் இருக்க வேண்டும் என்று. "பொம்பளப் புள்ளைங்க கட்டிப் புரள்றதுக்கு ஒரு போட்டி, அதுக்கு ஒரு கப்பு" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாலும், மாலையில் மகளுக்கு முட்டை அவித்துக் கொடுக்கத் தவறியதில்லை. பிடிப்பிலும் வேகத்திலும் நான்தான் மேல் என்று சிக்குவே சொல்லியிருக்கிறார். ஆனால் டேவான் வாசலில் வேடிக்கை பார்க்க நிற்கும் கூட்டம் "புவனா! புவனா!" என்றுதான் கத்தும், சப்பாத்தைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்வேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளை நான் முந்தினேன். அந்தக் காலத்துக் குஸ்தி விதி பெரிய குழப்படி. சிக்கு மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து சொன்னதில் புவனாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது என்பதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க என்னால் முடியுமா? மறுநாளே பைப்படியில் மூன்று வாளிகளை வரிசையாக வைத்து அவளுக்கு வாத்தியார் வேலை பார்த்தேன்.

"இங்க பாரு, மூனு ரவுண்டு, மூனு வாளி. இந்த வாளித் தண்ணிய அடுத்த வாளியில ஊத்தக்கூடாது. ஒவ்வொரு வாளியிலயும் யாருக்குக் கூடன்னு தனித்தனியாப் பாப்பாங்க. ரெண்டு வாளி யாருக்கோ, அவங்கதான் வின்."

"சமமா வந்தா?"

"சின்னப் பாயிண்டா ஒன்னுக்கு ஒன்னுன்னு வந்தா, கடைசியா எடுத்தவங்களுக்கு."

"ரெண்டு பேரும் ஒன்னுமே எடுக்கலன்னா?"

"பையிலருந்து பந்து எடுப்பாங்க. செவப்பு வந்தா செவப்பு உடுப்புக்காரிக்கு, நீலம் வந்தா நீலத்துக்கு. யாரு கலரு வருதோ அவ மத்தவ கால ஒன்ன முதல்லயே புடிச்சிக்கலாம். அப்பறம் அரை நிமிசத்துக்குள்ள சாய்க்கணும்."

புவனா வாளிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு ரொம்ப மூளை லா" என்றாள். அன்றைக்கு எனக்கு இரண்டு தட்டுச் சோறு இறங்கியது.

மாவட்டப் போட்டியின் இறுதிச் சுற்றில் எங்கள் இருவரையும் மோதவிட்டார்கள். ஜெயித்தவள் மாநிலப் பயிற்சிக்குப் போகலாம், முதுகில் மாநிலத்தின் பெயர் எழுதிய சிவப்பும் மஞ்சளுமான ஜாக்கெட் கிடைக்கும். அந்த ஜாக்கெட் எனக்கு வேண்டும் என்பதைவிட, அது அவளுக்குக் கிடைக்கக்கூடாது என்பதுதான் என் வேண்டுதலாக இருந்தது. கோல சிலாங்கூர் மண்டபத்துக்குத் தோட்டமே லோரி ஏறி வந்திருந்தது. மண்டோர் மாமா, அதாவது குலை வெட்டுகிறவர்களை மேய்க்கிற மேற்பார்வையாளர், செம்பனை ஓலை ஈர்க்குகளைத் துண்டு துண்டாக ஒடித்துக் கையில் வைத்திருந்தார். நான் பாயிண்ட் எடுத்தால் ஓர் ஈர்க்கு காற்சட்டையின் இடப்பைக்குள், அவள் எடுத்தால் வலப்பைக்குள். குலை எண்ணிப் பழகிய கை அது.

முதல் ரவுண்டில் அவளைப் புரட்டி எடுத்துவிட்டேன். ஐந்து பாயிண்ட் எனக்கு, அவளுக்குப் பூஜ்யம். இரண்டாவது ரவுண்டில் நான் அவளை வட்டத்துக்கு வெளியே தள்ளி ஒன்று எடுத்தேன், அந்த மிதப்பில் நின்றபோது, முடியப்போகிற நேரத்தில் அவள் என்னைத் தள்ளி ஒன்று எடுத்தாள். கடைசியாக எடுத்தது அவள் என்பதால் ரவுண்டு அவளுக்குப் போனது. மூன்றாவதில் இருவரும் ஆட்டுக்கடாக்களாக முட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம், ஒரு பாயிண்டும் விழவில்லை. நடுவர் பைக்குள் கையை விட்டார். நீலம் வந்தது. புவனா நீலம். மண்டியிட்டு என் காலைப் பிடித்தவள் விசில் ஊதிய கையோடு என்னைச் சாய்த்துவிட்டாள், நடுவர் அவள் கையைத் தூக்கினார்.

எங்கள் தோட்டத்து ஆட்கள் கத்திய கத்தலில் மண்டபம் அதிர்ந்தது. மண்டோர் மாமா நேரே நடுவர் மேசைக்குப் போய் இரண்டு பைகளையும் கவிழ்த்தார். இடப்பையிலிருந்து ஆறு ஈர்க்கு, வலப்பையிலிருந்து இரண்டு. "ஆறு பெருசா, ரெண்டு பெருசா?" என்று மலாயில் கேட்டார். நடுவரும் சிக்குவும் மூன்று விரலைக் காட்டி, மடக்கி, நீட்டி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். மாமா எங்கள் பக்கம் திரும்பி, "காலையில வெட்டுன குலை வேறயாம், மத்தியானம் வெட்டுன குலை வேறயாம்! இது எந்த ஊரு நியாயம் லா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தவரை காலையில் வெட்டியதும் மத்தியானம் வெட்டியதும் ஒன்றாகத்தான் கூட்டப்படும்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அழுகை நிஜம்தான். மாமா புவனாவிடம் போய், "ஏம்மா, நீயே சொல்லு, எப்படிம்மா நீ ஜெயிச்ச?" என்று கேட்டார். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "ரேவதியக் கேளுங்க மாமா. அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாளி கதையை அங்கேயே சொல்லியிருக்கலாம், அரை நிமிட வேலை. அதற்குள் யாரோ அந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டார்கள். சிவப்பு அவளுக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது. "எனக்கு ஒன்னும் தெரியாது" என்றேன்.

அவ்வளவுதான், மற்றதைத் தோட்டம் பார்த்துக்கொண்டது. புவனாவுக்குப் 'பந்து சாம்பியன்' என்று பேர் விழுந்தது. லோரி ஓட்டுகிறவர் நடுவரைக் கவனித்துவிட்டார் என்று பைப்படியில் பேசினார்கள். அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று தெரிந்த நானும் பைப்படியில் குடம் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அப்பாவுக்கும் அத்தைக்கும் பேச்சு நின்றது, கூடப் பிறந்தவர்கள் தீபாவளிக்குப் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்ளவில்லை. கொடியில் அந்த ஜாக்கெட் காயும்போதெல்லாம் என் வயிறும் சேர்ந்து காய்ந்தது. ஆனால் நாலைந்து வாரம்தான். பயிற்சிக்குப் போகிற வேனுக்காக வாசலில் நிற்கும்போது பையன்கள் "பந்து! பந்து!" என்று கூவியதில், ஒருநாள் அவள் வேனைப் போகச்சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அதன் பிறகு குஸ்திப் பக்கமே போகவில்லை. ஜாக்கெட்டை அவளுடைய அப்பா மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறையாகப் போட்டுக்கொண்டார். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இப்போது அந்த டேவான் இல்லை, லயமும் இல்லை, அந்த இடத்தில் வரிசை வீடுகள் வந்துவிட்டன. நான் சுங்கை சோவில் இருக்கிறேன், அவள் ஜெரத்தில் இருக்கிறாள், கல்யாணம் காரியம் என்றால் தலையாட்டிக்கொள்வோம். இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. நான் எதிர்பாராதது, அந்த விதியும் போய்விட்டது என்பதுதான். மூன்று ரவுண்டு இல்லை, பை இல்லை, பந்து இல்லை. இப்போதெல்லாம் எடுத்த பாயிண்டை எல்லாம் ஒன்றாகக் கூட்டுகிறார்கள். அதைக் கைப்பேசியில் பார்த்த அன்று, அப்படியென்றால் ஜெயித்தது நான்தானே என்று எனக்குள் ஒரு குதி குதித்தேன், வெட்கமில்லாமல்.

சென்ற மாதம் மண்டோர் மாமா பேரனின் கல்யாணம், அதே கோல சிலாங்கூரில். மாமாவுக்குக் காது மந்தம், நாக்கு அப்படியே இருக்கிறது. என்னையும் புவனாவையும் ஒரே மேசையில் கண்டதும் கைதட்டிச் சிரித்தார். "ஆறு எடுத்தும் தோத்த புள்ள இது! ரெண்டு எடுத்து ஜெயிச்ச பந்து சாம்பியன் அது!" மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். புவனாவின் மகளுக்குப் பத்து வயது, சிரிக்காமல் கைப்பேசியில் எதையோ தேடிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, இங்க ரூல் போட்டிருக்கு. டோட்டல்தான் பாப்பாங்களாம். அப்ப ரேவதி அத்தைதான் வின் லா. நீங்க சீட் பண்ணீங்களா?"

புவனா என்னைப் பார்த்தாள், அன்றைக்கு மண்டபத்தில் பார்த்த அதே பார்வை. அவள் பக்கம் பேச இப்போது விதியும் இல்லை, நான் ஒருத்திதான் மிச்சம்.

மேசையிலிருந்த மூன்று சிரப்புத் தண்ணீர்க் குவளைகளை இழுத்து வரிசையாக வைத்தேன். "இங்க பாரும்மா, அப்போ ரூல் வேற. மூனு ரவுண்டு, மூனு குவளை. இதுல இருக்கறத அதுல ஊத்தக்கூடாது" என்று ஆரம்பித்து, கடைசிப் பாயிண்ட், பந்து, பிடித்த கால் வரை எல்லாவற்றையும் சொன்னேன். மாமா காதருகே கையை வைத்துக் கேட்டார். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அட, அப்ப புவனாதான் ஜெயிச்சது."

"ஆமா மாமா."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"அப்பறம் ஏம்மா வாயத் தொறக்கல?"

"பொறாமை மாமா" என்றேன். சொல்லிவிட்டு, புவனா ஏதாவது சொல்வாள், திட்டுவாள், குறைந்தபட்சம் கண் கலங்குவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒரு குவளையை எடுத்துக் குடித்துவிட்டு, "சாப்பாடு ஆறுது, எடுத்துப் போட்டுச் சாப்புடுங்க" என்றாள்.

அவள் மகள் மட்டும் சாப்பிடவில்லை. நாற்காலியை அம்மாவிடம் நெருக்கிப் போட்டு, அவள் புஜத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, "அம்மா, நீங்க சாம்பியனா?" என்று கேட்டாள். அந்தக் குழந்தை அவளைப் பார்த்த பார்வையைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்தது.