கட்டில் வண்டியும் கட்டாத பெல்ட்டும்

டிரைவர் தொழிலில் வண்டியை ஓட்டுவது சுலபம். உள்ளே இருப்பவர்களை ஓரிடத்தில் உட்கார வைப்பதுதான் பிராணன் போகிற வேலை. குடும்பத்தோடு பிரயாணம் போய் மீண்ட உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளில் மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருந்த எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் பழைய பஸ் ஒன்றை வாங்கினார். அதற்குள் இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி, ஆறு பேருக்கு சீட் எல்லாம் வைத்து, ‘வீட்டு வண்டி’ என்று வாடகைக்கு விட்டார். தாராவியில் குடியிருந்த நான்தான் டிரைவர். முதல் பயணத்திலேயே எருமை ஒன்று குறுக்கே வர, பிரேக் போட்டேன். கட்டிலில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமிக்கு முன்பல் இரண்டு போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அந்த வாரமே குர்லா பழைய சாமான் சந்தையில், விமான சீட்டிலிருந்து கழற்றிய இடுப்பு பெல்ட்டுகள் ஆறு வாங்கி வந்தேன். என் கஷ்டகாலம் அங்கே ஆரம்பித்தது.

முதலாளியின் கைவேலை

அண்ணாச்சி ஒரு தச்சரைப் பிடித்து, பெல்ட்டுகளை சீட்டுப் பலகையிலேயே ஸ்க்ரூ போட்டு மாட்டிவிட்டார். “பலகையே நாலு ஆணியில்தான் நிக்கி அண்ணாச்சி. அடியில இரும்புச் சட்டத்துல போல்ட் போடணும்” என்றேன். அவர் நம்பவில்லை. சோதித்தே பார்த்துவிடலாம் என்று அவரையே உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, ஆளில்லாத தெருவில் கொஞ்சம் வேகமாகப் போய் பிரேக்கை அழுத்தினேன். அண்ணாச்சி பலகையோடு கிளம்பி வந்து என் சீட்டுக்குப் பின்னால் இறங்கினார்.

பலகை இன்னும் இடுப்பிலேயே கட்டியிருக்க, தரையில் கிடந்தபடி அவர் சொன்னது: “பெல்ட் அறுந்துச்சா வே? இல்லைல்லா! பின்ன என்னத்துக்குக் குறை சொல்லுதீரு?”

அதிகாரியின் உறக்கம்

ஒரு தாராவி வெல்டர் தயவில் சீட்டும் பெல்ட்டும் இரும்புச் சட்டத்தில் ஏறின. அடுத்த சவாரி மாட்டுங்காவிலிருந்து நாசிக்குக்கு. ஏதோ ஓர் ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்தவரும் அவர் மனைவியும். அம்மாள் மறுபேச்சில்லாமல் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அவரோ கட்டிலில் காலை நீட்டினார். “வண்டி ஓடும்போது கட்டிலில் படுக்கக் கூடாது சார்” என்றேன். “உட்கார்ந்துண்டு போறதுன்னா ரயில்லயே போயிருப்பேனே!” என்று கண்ணை மூடினார்.

கசாரா மலைப்பாதையில் ஒரு மாட்டு வண்டி என்னை பிரேக் போட வைத்தது. சூப்பரிண்டெண்ட் உருண்டு, ஸ்டவ்வைச் சந்தித்துவிட்டுத் தரைக்கு வந்து சேர்ந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. கௌரவம் மட்டும் முறிந்தது. எழப்போனவரை அம்மாள் சீட்டில் இருந்தபடியே தடுத்தார்: “வேண்டாம், அங்கேயே படுத்துக்கோங்கோ. இனிமே கீழே விழறதுக்கு இடமில்லை.”

பெல்ட் ஒன்று, பிள்ளை மூன்று

தாராவியிலிருந்து பண்டரிபுரம் போன குடும்பம் ஒன்று பெல்ட்டை எதிர்க்கவே இல்லை. எனக்கு ஆனந்தம். திரும்பிப் பார்த்தால் ஒரே பெல்ட்டுக்குள் மூன்று பிள்ளைகளைக் கறிவேப்பிலைக் கட்டு மாதிரி கட்டி வைத்திருந்தார்கள். “ஆளுக்கு ஒண்ணா கட்டணும்க்கா, இல்லேன்னா ஒண்ணை ஒண்ணு நசுக்கிரும்” என்றேன்.

பிள்ளைகளின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “தனியாக் கட்டினா என்னைய வந்து பிடுங்கும் தம்பி. சேத்துக் கட்டினா ஒண்ணை ஒண்ணு கிள்ளிக்கிட்டு வரும்லா!”

ஃபாரின் சீட்

ஜெர்மனியில் பயிற்சி முடித்துத் திரும்பிய செம்பூர் இன்ஜினீயர் ஒருவர், மனைவியோடும் இரண்டு வயதுக் குழந்தையோடும் மகாபலேஷ்வருக்குக் கிளம்பினார். ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த குழந்தை சீட்டையும் ஏற்றினார். கம்பிச் சட்டம், அதில் துணி, முன்னால் ஒரு விளையாட்டு ஸ்டீயரிங். பெரிய சீட்டின் முதுகில் இரண்டு கொக்கியால் அதைத் தொங்கவிட்டார், அவ்வளவுதான். ஒரு விரலால் தூக்கினேன், கையோடு வந்தது. “ஃபாரின் ஐட்டம் ஐயா அது, கை வைக்காதே!” என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்து, “நீங்க கட்டுங்கோ” என்றார் மெதுவாக. இடுப்பு பெல்ட்டை அந்தக் கம்பிச் சட்டத்துக்குள் நுழைத்து, குழந்தையின் மடி மேல் கொண்டுவந்து இறுக்கினேன். அம்மாவும் தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். இன்ஜினீயர் மட்டும் டீக் கிளாஸோடு நின்றுகொண்டே வந்தார்.

கண்டாலா ஏற்றத்தில் எதிரே ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் இறங்கி வந்தது. ஒரு பக்கம் பள்ளம். நான் மலைப் பக்கமாக ஒடித்து, பாறையில் மோதி நிறுத்தினேன். லாரி உரசிக்கொண்டு போய்விட்டது. உள்ளே ஸ்டவ்வும் பாத்திரங்களும் பறந்து விழுந்த சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்க்கவே பயந்தேன். அப்போது குழந்தை வீறிட்டு அழுதது பாருங்கள், என் காதுக்கு அது நாதஸ்வரம். பெல்ட்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அம்மா பெல்ட்டை அவிழ்த்துக் குழந்தையை அணைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டார். இன்ஜினீயர் நெற்றி பிளந்து கதவோரம் கிடந்தார்.

மலையடிவாரத்துக் கோபோலியில் டாக்டர் அவருக்கு ஏழு தையல் போட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகாதது ஆச்சரியம் என்று டாக்டர் சொன்னதும், கட்டுக்குள்ளிருந்து இன்ஜினீயரின் முகம் மலர்ந்தது: “இதிலே ஆச்சரியம் என்ன இருக்கு டாக்டர்? ஃபாரின் சாமான்னா ஃபாரின் சாமான்தான்!”

உயிர் பிழைத்த குடும்பத் தலைவர்கள் நன்றி சொல்லத் தவறுவதே இல்லை, டிரைவர் ஒருவனைத் தவிர மற்ற எல்லோருக்கும்.