கரி வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிய கல்யாணம்

ரெண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். நாங்கள் ராஜபாளையத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு கார், லாரி ரிப்பேர் பார்த்தார். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில்தான் கிடப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வெளியே காலைத்தான் பார்க்க முடியும்.

இப்போது சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அப்போது பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியில் ஓடியது. வண்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம் இருக்கும். அதில் கரியைப் போட்டுப் பற்றவைத்தால் வருகிற வாயுவில் இன்ஜின் ஓடும். ஓடும் என்று பேர்தான். மேடு வந்தால் டிக்கெட் வாங்கினவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். பெட்ரோலில் வருகிற வலு கரியில் வராது.

ஊரில் பஞ்சு அரவை மில் வைத்திருந்த முதலாளி ஒருவரிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. அதற்குக் கரி டிரம் மாட்டியதும் அது நகர்வேனா என்றது. "நம்ம காரை மாட்டுவண்டி முந்துது, ஏதாச்சும் பண்ணும்" என்று அவர் எங்கள் ஷெட்டில் வந்து நின்றார். என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. ஓரங்கட்டிக் கிடந்த பழைய லாரியின் இன்ஜினை எடுத்து, காரின் முன்பக்கத்தை வெட்டி நீட்டி, உள்ளே ஏற்றிவிட்டார். கரியில் பாதி வலு போனாலும் மிச்சமிருக்கிற வலு சின்னக் காருக்குத் தாராளம் என்பது அவர் யோசனை. அது சரியாகவும் இருந்தது. மேட்டில் பஸ் திணறி நிற்க, முதலாளி கார் புகையை விட்டுக்கொண்டு ஏறிப் போகும். ஊர் முழுக்க இவர் பேச்சுதான். இவருக்கும் உள்ளுக்குள்ளே பெருமை, எனக்குத் தெரியாதா? பிரேக்கை மட்டும் மாற்றவில்லை. அந்தச் சின்னக் காரோடு வந்த கம்பி பிரேக்தான், மிதித்தால் ஒரு கம்பி இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்கும். கரியில் போகிற வேகத்துக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்.

முதலாளியின் சொந்தத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம் வந்தது. எங்கிருந்தோ பெட்ரோலும் கிடைத்துவிட்டது. கரிப்புகை பட்டுச்சேலையில் படியும் என்று டிரம்மைக் கழற்றிவிடச் சொல்லி முதல் நாள் காரை ஷெட்டுக்கு அனுப்பினார். கொண்டுவந்தது அவர் டிரைவர். எங்களுக்கு வேண்டிய பையன், என்னை மதினி என்றுதான் கூப்பிடுவான். அவன் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். இவர் டிரம்மைக் கழற்றினார். போகும்போது "பாத்துப் போப்பா" என்றார். "சரி அண்ணாச்சி" என்று அவன் நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் காலையில் வீட்டுப் பெண்களை முதலில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறான். திரும்பி வந்து முதலாளியை ஏற்றிக்கொண்டு போகும்போது முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, சீக்கிரம் போ என்று முதலாளி விரட்டியிருக்கிறார். வழியில் கண்மாய்க்கரையில் ஒரு வளைவு உண்டு. வளைவு திரும்பினதும் எதிரே வ.புதுப்பட்டிக்காரர் ஒருவர் தேங்காய் ஏற்றிய மாட்டுவண்டியில் வந்திருக்கிறார். கார் நிற்கவில்லை. வண்டிக்காரர் அங்கேயே முடிந்து போனார். காரில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான்.

போலீஸ் டிரைவரைப் பிடித்துக்கொண்டு போனது. கண்மண் தெரியாமல் ஓட்டினான், மெதுவாகப் போகச் சொல்லியும் கேட்கவில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் நெற்றியில் ஒட்டியிருந்த சந்தனம்கூட அப்போது காய்ந்திருக்காது. அவனுக்கு நிறைய வருசம் ஜெயில் கிடைக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ரெண்டு நாள் கழித்து அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எதுவும் கேட்க வரவில்லை. போக்கிடம் இல்லாமல் வந்தாள். "அக்கா, ஸ்டேஷன்ல அவியளைப் பாக்கப் போனேன். பிரேக்கை மிதிச்சேன், மிதிச்சேன்னு அதையேதான் சொல்லுதாவ. வேற பேச்சே இல்லை" என்று அழுதாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். ஸ்டேஷனில் நிறுத்தியிருந்த காரைப் பார்க்கத்தான் போயிருக்கிறார். திரும்பி வந்தவர், "கம்பி இழுபட்டு நீண்டு கிடக்கு. அந்தப் பய மிதிக்கத்தான் செஞ்சிருக்கான். பெட்ரோல்ல ஓடுற அந்த இன்ஜினை அந்த பிரேக் எப்படிப் பிடிக்கும்? நான் கோர்ட்டுல போய்ச் சொல்லப் போறேன்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஓட்டுனது அவன். விரட்டுனது முதலாளி. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விடுறதுக்கு உங்களுக்கு என்ன தலையெழுத்து? நீங்க உள்ள போயிட்டா நானும் பிள்ளைகளும் யார் வாசல்ல போய் நிக்க?" என்று கத்தினேன். அவர், "அவன் காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பிரயோசனமில்லை. ராத்திரி ஜெபம் பண்ணும்போது நான் அவருக்காகப் பண்ணவில்லை, கோபத்தில் பிள்ளைகளுக்கு மட்டும் பண்ணினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு நானும் போனேன். மாஜிஸ்டிரேட் இவரிடம், டிரைவரை நீர் எச்சரிக்கை செய்தீரா என்று கேட்டார். "பாத்துப் போன்னேன்யா. அது வாசல் தாண்டுற எல்லாருக்கும் சொல்றது. பெட்ரோல்ல ஓட்டுனா பிரேக் தாங்காதுன்னு சொல்லியிருக்கணும், சொல்லலை. டிரம்மைக் கழட்ட மாட்டேன்னாவது சொல்லியிருக்கணும். பெரிய மனுசர் கேட்டாரேன்னு கழட்டிட்டேன்" என்றார்.

அப்போது யாரும் கேட்காமலே டிரைவர் கூண்டிலிருந்து பேசினான். "முதல் டிரிப்லயே வண்டி கைக்கு அடங்கலைன்னு தெரிஞ்சதுங்கய்யா. ஆனாலும் அந்த வேகம் எனக்குப் பிடிச்சிருந்தது." அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனைக் காப்பாற்ற இவர் பேச, அவன் தன் பங்கைத் தானே எடுத்து வைக்கிறான். முதலாளி மட்டும் கடைசிவரை வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிரைவருக்குச் சில மாதம்தான் ஜெயில் என்று தீர்ப்பானது. இவருக்குத் தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடமில்லையாம். மாஜிஸ்டிரேட் நல்லா நாலு வார்த்தை கேட்டு அனுப்பினார்.

வெளியே மரத்தடியில் இறந்துபோனவரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். இவர் நேரே அவர் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றார். என்ன ஏச்சு விழுமோ என்று எனக்குப் பதறியது. அந்த அம்மா ஏசவில்லை. "செத்த அன்னையில இருந்து வாரவுக போறவுகளெல்லாம் விதி, விதின்னு சொல்லிட்டுப் போறாவ. கேட்டுக் கேட்டுக் காதே புளிச்சுப் போச்சு. விதி இல்லை, நான் செஞ்ச தப்புன்னு நீங்க ஒருத்தர்தான்யா சொன்னிய. அதுக்காக எம்மனுசன் வந்துரப் போறதில்லை. ஆனாலும் நீங்க சொன்னிய" என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு முதலாளிக்கு வேண்டியவர்கள் ஒருத்தரும் எங்கள் ஷெட்டுக்கு வண்டி அனுப்பவில்லை. கொஞ்ச காலம் கஷ்டப்பட்டோம். நானும் அவரைக் குத்திக்காட்டாமல் இல்லை. டிரைவர் வெளியே வந்தபோது அவன் பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தது. அவன் பிறகு வண்டியே ஓட்டவில்லை, வேறொரு மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து பல வருசமாகிவிட்டது. இன்றைக்கும் எங்காவது விபத்து என்று கேள்விப்பட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் "எல்லாம் விதி" என்று சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. ஓட்டினது யார், விரட்டினது யார், அதைச் செய்து கொடுத்தது யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்வி நம் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் கதவைத் திறக்கத்தான் வேண்டும்.