வரப்போரத்து இடம்

முதுநிலைச் செவிலியப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், நடவுப் பெண்களிடம் காணப்படும் கருப்பை இறக்கம். பிள்ளை பெற்ற உடல் தேறுமுன்பே குனிந்தும் சுமந்தும் உழைத்தால் கருப்பை தன் இடம் விட்டுக் கீழிறங்கும். முற்றினால் உடலுக்கு வெளியே வந்துவிடும். திருவாரூருக்குக் கிழக்கே, நான் பிறந்த சிற்றூரையே ஆய்வுக் களமாக்கிக்கொண்டேன். அங்குள்ள பெண்கள் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். அயலாரிடம் சொல்லக் கூசுவதை என்னிடம் சொல்வார்கள் என்று நம்பினேன். என் பேராசிரியையும் அவ்வாறே கருதினார்.

அவர்கள் சொல்லவில்லை. வீடுவீடாகச் சென்று தனித்தனியே கேட்டேன். "அதெல்லாம் நம்மூர்ல யாருக்கும் இல்ல பாப்பா" என்றே ஒவ்வொருத்தியும் விடை தந்தாள். பாடநூல்களை ஐயுறத் தலைப்பட்டேனேயன்றி, அவர்களை நான் ஐயுறவில்லை.

அப்போதுதான் கூலித் தகராறு ஓய்ந்திருந்தது. கோட்டையில் ஒரு கழகம் போய் மற்றொரு கழகம் வந்திருந்தது. எங்கள் ஊர் வயல்கள் மட்டும் அதே மிராசுதாரிடம் இருந்தன. நடவைப் புறக்கணித்திருந்த பெண்கள், வட்டாட்சியர் முன்னிலையில் கூலி உயர்வு பெற்று வயலில் இறங்கினர். ஆனால் அந்த உடன்பாட்டில் ஒரு நிபந்தனை இருந்தது: உள்ளூர் வரிசையில் ஆள் குறைந்தால் மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கிக்கொள்ளலாம். குறையாதா என்று அவருடைய காரியக்காரர் நாள்தோறும் வரப்பில் வந்து நின்று தலைகளை எண்ணினார். அந்த வரிசைக்குத் தலைமை என் தாய்.

ஒரு நண்பகல் வரப்பில் அமர்ந்து நடவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தாய் வரிசையைவிட்டு ஏறி, வாய்க்கால் கரை நாணலுக்கு அப்பால் சென்றாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள் எனக்குச் சின்னம்மா முறை. பொழுதுபோக்காகத்தான் கேட்டேன்: "அம்மா மட்டும் எப்பவும் வரப்போரமே நிக்கிறாங்களே, தலைமைங்கறதாலயா?"

"நல்ல தலைமை போ" என்று சிரித்தாள். "அடி தள்ளுறவங்களுக்குத்தானே வரப்போரம். சட்டுனு ஏறிப் போயி உள்ள தள்ளிட்டு வந்துரலாம்ல." சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் சொன்னேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடாத பாப்பா. நீ வர்றதுக்கு முன்னாடியே ஊட்டுக்கு ஊடு போயி, எம்பொண்ணு கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்கன்னு எல்லார் வாயையும் கட்டி வச்சிருக்கா."

நினைவறிந்த நாள் முதல் என் தாயை வரப்போரத்திலேயே கண்டிருக்கிறேன். பள்ளிவிட்டு வரும் வழியில் எளிதில் கண்ணில் படுவாள் என்பதால் அந்த இடம் எனக்குப் பிடித்தமானதாக இருந்தது. இப்போது அங்கே சேற்றில் அவளுடைய காலடிக் குழிகள் மட்டும் இருந்தன. அவற்றில் நீர் ஊறி நிறைவதைப் பார்த்தபடி இருந்தேன்.

மாலையில் கதவைச் சாத்திவிட்டு, மறுத்தவளைப் பாயில் படுக்கவைத்துப் பார்த்தேன். அந்நிலையைப் படங்களில் கண்டிருந்தேன், பிணியாளரிடம் கண்டிருந்தேன், இளநிலை மாணவியர்க்கு அதைக் கற்பித்தும் இருந்தேன். கருப்பை முழுவதும் வெளியே இருந்தது. அணைத்துக் கட்டிய துணி உராய்ந்து உராய்ந்து புண்ணாகியிருந்தது. பழகிய என் கைகள் செய்ய வேண்டியதைச் செய்தன. அவை என் கைகளாகவே தோன்றவில்லை.

"எப்பலேருந்தும்மா?"

"நீ பொறந்ததுலேருந்து. பச்ச ஒடம்போட நாத்துக்கட்டு தூக்கப் போனேன். போகாம இருக்க முடியுமா அப்ப?"

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"நீ படிக்கிறதே இதத்தான்னு சொன்னதும் எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. தெரிஞ்சா வயலுக்கு வுடுவியா? ஒரு தல கொறஞ்சா லாரில ஆள எறக்கிருவாங்க. அப்பறம் பேசுன கூலியாவது ஒண்ணாவது. நடவு முடியட்டும், வரேன்."

"அதுக்குள்ள புண்ணு முத்திடும்மா. நாளைக்கே தஞ்சாவூர் போகணும்."

"சரி, போறேன். எனக்குப் பதிலா நீ எறங்கு."

திகைத்துப்போனேன். என்னைச் சேற்றில் கால் வைக்க விடாமல் வளர்த்தவள் அவள். சோறு கொண்டுபோனாலும் வரப்பிலேயே வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவாள்.

"எனக்கு நடத் தெரியாதேம்மா."

"அவனுக்குத் தலதானே கணக்கு. நடுறத அவளுங்க பாத்துக்குவாளுங்க. நீ குனிஞ்சு நில்லு, போதும்."

மறுநாள் தந்தை அவளை முதற்பேருந்தில் தஞ்சை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். என்னோடு படித்த செவிலி ஒருத்தி அங்கே பணியில் இருந்தாள். நான் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினேன்.

"இது யாரு புதுசா, வெளியூரா?" என்றார் காரியக்காரர்.

"அக்கா மவதாங்க. இந்த ஊர்ல பொறந்தவ, நல்லா எண்ணிக்குங்க" என்றாள் சின்னம்மா.

"படிச்ச பொண்ணுல்ல? நாத்தத் தலகீழா நட்டு வைக்கப் போவுது."

"தலகீழா நட்டாலும் பேசுன கூலி பேசுனதுதாங்க."

வரிசை சிரித்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என் தாய் நிற்கும் இடத்திற்குப் போனேன். சின்னம்மா என் கையைப் பற்றி இழுத்தாள். "உனக்கென்ன அங்க? நடுவுல வா."

அப்போது வரிசையின் நடுவிலிருந்து ஒருத்தி விலகி, என்னைப் பாராமலே வரப்போரத்திற்குச் சென்று நின்றாள். பள்ளியில் எனக்குக் கீழ் வகுப்பில் படித்தவள், கைக்குழந்தைக்காரி. ஆய்வுக்காக நான் கேட்டபோது, "எனக்கென்னக்கா கேடு?" என்று கலகலவென்று சிரித்தவள். அவள் அங்கே நிற்பதை மற்றவர்கள் இயல்பாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இருட்டும் வேளையில் தந்தை தனியே திரும்பினார். "சேத்துக்கிட்டாங்க. புண்ணு ஆறுனதும் ஆபரேசனாம்" என்றார். "தல கொறையாம இருந்துச்சான்னு கேட்டுவரச் சொன்னா."

குறையவில்லை என்றேன். வரப்போரத்தில் யார் நின்றது என்று என் தாய் கேட்டனுப்பவில்லை. அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.